மலையில் இருந்த மூன்று நாள்

ஏ.ஜி.ஏ. கனகலிங்கம் போன மாசம் செத்துப்போனார். வயது அறுபத்தெட்டு. நெஞ்சு நோவெண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு நாள் கிடந்தவர், அஞ்சாம் நாள் காலமை முடிஞ்சுது. அடுத்த கிழமை அவற்ர மனுசி பாலாம்பிகை என்ர அச்சகத்துக்கு வந்து, "பெனடிக்ற், இவருக்கு ஆர் கல்வெட்டு எழுதுறது?" எண்டு கேட்டா. கேட்டதில பிழையில்லை. மோர்டன், மிச்சம், செவன் கிங்ஸ் எண்டு லண்டனில பத்து வருஷமாய்ச் செத்த எங்கட சைவ ஆக்களில பாதிப்பேருக்கு அதை எழுதினவர் அவர்தான்.

தெரியாதவைக்குச் சொல்லுறன். யாழ்ப்பாணத்துச் சைவ ஆக்கள் வீட்டில ஒரு சாவு விழுந்தால், முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வாறவைக்கு ஒரு சின்னப் புத்தகம் குடுப்பினம். செத்தவற்ர படம், அவற்ர வரலாறு, கொஞ்சத் தேவாரம், பிள்ளையள் அழுது பாடினமாதிரி நாலு பாட்டு. அதைத்தான் கல்வெட்டு எண்டுறது. நான் கத்தோலிக்கன், எங்களுக்கு அந்தச் சடங்கில்லை. ஆனால் என்ர மெஷினுக்கு எல்லாச் சமயமும் ஒண்டுதான். மிச்சம் எண்ட இடத்துப் பெரிய றோட்டில எண்பத்தெட்டாம் ஆண்டு அச்சகத்தைத் திறந்த நாளில இருந்து கலியாணக் காட், சாமத்தியக் காட், கல்வெட்டு எண்டு அடிச்சுத் தள்ளிக்கொண்டிருக்கிறன்.

பாலாம்பிகைக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்திட்டன். பிறந்தது, படிச்சது, உத்தியோகம், கட்டினது, பிள்ளையள் எல்லாம் அதில இருக்கு. அதில போட ஏலாததுதான் இது.

கனகலிங்கம் கெட்டிக்காரன். அதில ஆரும் என்னோட சண்டைக்கு வரேலாது. பத்தொன்பது வயதில கிளறிக்கல் சோதினை பாஸ் பண்ணி அரசாங்கக் கந்தோர் உத்தியோகத்துக்குப் போனவர். பிறகு மேல்சோதினை ஒவ்வொண்டாய் எழுதி, உதவி அரசாங்க அதிபர், அதுதான் ஏ.ஜி.ஏ., எண்ட பதவிக்கு வந்தார். ஒரு பிரிவின்ர வயல், குளம், அரிசிக் கூப்பன், காணிச் சண்டை எல்லாம் அவற்ர கையெழுத்தில நடக்கும். அவர் எழுதி அனுப்பின கடிதத்தில ஒரு சொல்லைக் கொழும்பில ஆரும் மாத்தினதில்லை எண்டு சொல்லுவினம். கடைசியாய் வன்னிப் பக்கம் ஒரு பிரிவில இருந்தவர். எண்பத்தாறாம் ஆண்டு லண்டன் வந்து, ஒரு கார்ப் பார்க்கில கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருந்து ரிக்கற் குடுத்தார். அதுக்கும் ரை கட்டிக்கொண்டுதான் போவார்.

ஷிப்ட் முடிய என்ர அச்சகத்துக்கு வருவார். கல்வெட்டு எழுதுறதில அவருக்கொரு கை இருந்தது. வீட்டுக்காரரைக் கதைக்க விட்டு எல்லாத்தையும் கேட்பார். பிறகு இருந்து எழுதுவார். குடிச்சுக் குடிச்சே ஈரல் கரைஞ்ச மனிசனை "நண்பர் வட்டம் பெரிதுடையார்" எண்டு போடுவார். மனுசியோட பத்து வருஷம் வாய் பேசாமல் இருந்தவரை "இல்லறத்தில் அமைதி காத்தவர்" எண்டார். எனக்குச் சிரிப்பை அடக்கேலாமல் போகும். "ஐயா, உந்தப் பொய்யை எப்பிடி எழுதுறியள்?" எண்டு கேட்டால், "பெனடிக்ற், இதில எங்க பொய் இருக்கு, காட்டும் பாப்பம்" எண்டு கண்ணாடிக்கு மேலால பாப்பார். காட்டேலாது. அதுதான் அவற்ர கெட்டித்தனம்.

இதுக்குள்ள என்ர அக்கா பியற்றிஸின்ர கதை வருது. அவவின்ர புருஷன் அருட்பிரகாசம், கனகலிங்கத்துக்குக் கீழ தலைமைக் கிளாக்காய் இருந்தவர். எண்பத்தஞ்சாம் ஆண்டு மாசி மாசம் ஒருநாள், ஆமி வருகுதெண்டு ஊர் கலைஞ்சுது. கடையள் பூட்டியாச்சு. கந்தோர் ஆக்கள் பதினொரு மணிக்கே வீட்டை ஓடிட்டினம். அத்தான் ஓடேல்லை. தனிய விறாந்தையில கதிரை போட்டு இருந்ததைக் கண்டவை இருக்கினம். ரெண்டு மணிக்கு ஆமி வந்து ஏத்திக்கொண்டு போனது. அவ்வளவுதான், பிறகு தகவல் இல்லை.

வீட்டுக்கும் கந்தோருக்கும் சைக்கிளில அஞ்சு நிமிஷம். அதுதான் அக்காவைத் திண்டது. "எல்லாரும் தங்கட தங்கட பெண்டில் பிள்ளையளிட்டை ஓடினவங்கள். இந்த மனிசனுக்கு மட்டும் நாங்கள் கண்ணில தெரியேல்லையோ? என்னை விட, ரெண்டு பிள்ளையளை விட, அந்தக் கந்தோர் கதிரையோ பெரிசு?" பிள்ளையளோட லண்டன் வந்து, பள்ளிக்கூடமொண்டில சாப்பாடு போடுற வேலை செய்து, ரெண்டையும் ஆளாக்கினா. அந்தக் கோவம் மட்டும் ஆறேல்லை. செத்தவரை நினைச்சு அழுற பொம்பிளையளைக் கண்டிருக்கிறன். அக்கா செத்தவரைத் திட்டிப் பேசுவா. கோயிலில அவற்ர ஆத்துமாவுக்குப் பூசைக்குக் குடுக்கக்கூட விடமாட்டா. "ஏன் இருந்தவரெண்டு எனக்குத் தெரியட்டும், பிறகு பாப்பம்" எண்டுவா.

வருஷா வருஷம் மாசியில கனகலிங்கம் ஒரு பெட்டி திராட்சையோட அக்கா வீட்டை வருவார். பழைய மேலதிகாரி எல்லே, அக்காவும் மரியாதையாய்ச் சாப்பாடு குடுப்பா. கை கழுவி முடிய, "ஐயா, நீங்கள் அண்டைக்குக் கந்தோரில நிண்டிருந்தால் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், என்ன?" எண்டு கேட்பா. அவர் ஒவ்வொரு வருஷமும் ஒரே மறுமொழிதான் சொல்லுவார்: "கச்சேரியில அரசாங்க அதிபரின்ர கூட்டம். காலமையே வெளிக்கிட்டுப் போனன்." கச்சேரி எண்டது மாவட்டத்துப் பெரிய அரசாங்கக் கந்தோர்.

தொண்ணூற்றஞ்சாம் ஆண்டு தை மாசம், கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு கொரியாக்காரக் கிழவர் என்ர கடைக்குள்ள வந்தார். மிஸ்ரர் மின். நியூ மோல்டனில வீடு. கப்பல் கொம்பனி ஒண்டின்ர வேலைக்கு வந்து, இங்கயே பென்ஷன் எடுத்து, மனுசியும் செத்துத் தனிய இருக்கிறவர். வெள்ளைக்காரன்ர பிரஸ்ஸில ஐஞ்ஞூறுக்குக் குறைய அடிக்க மாட்டினமாம். அவருக்கு வேண்டியது அறுபது புத்தகம். தன்ர குடும்பத்து மூதாதை ஒருவரின்ர வரலாறு, இங்கிலிசில, புரட்டாதிக்கு முதல் வேணும். புரட்டாதியில அந்த மூதாதைக்குத் திவசமாம். மகன் இஞ்சினியர், பழைய எழுத்து வாசிக்கத் தெரியாது. அவனுக்காகத்தான் புத்தகம். தானே ரைப் பண்ணின இங்கிலிசு இருபது பக்கம் கொண்டு வந்திருந்தார். அதைத் திருத்தி எழுத ஆள் வேணும்.

நான் கனகலிங்கத்தைக் காட்டினன். வாழ்க்கை வரலாறெண்டால் இவரை விட்டால் ஆர்?

செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில பின்னறையில ரெண்டு கிழவரும் இருப்பினம். மின் தன்ர குடும்பப் பதிவின்ர போட்டோக்கொப்பியைப் பார்த்து ஒவ்வொரு வரியாய்ச் சொல்லுவார், கனகலிங்கம் எழுதுவார். மின் கொண்டு வாற பெரிய பேரிக்காயை வெட்டித் திண்டுகொண்டு நானும் கேட்டதுதான் இனிச் சொல்லுறது.

மூதாதையின்ர பேர் மின் சுக்-வோன். நானூறு வருஷத்துக்கு முந்தின ஆள். ஏழை வாத்தியின்ர மகன். இருபத்திநாலு வயதில தலைநகரத்துக்கு நடந்து போய் ராசாவின்ர சோதினை எழுதிப் பாஸ் பண்ணினார். அந்த நாட்டில அந்தச் சோதினை பாஸ் பண்ணினவன்தான் ஆள். "எங்கட கிளறிக்கல் மாதிரி" எண்டு கனகலிங்கம் தலையாட்டினார். ராசாவின்ர நூல்நிலையத்தில பத்து வருஷம் பழைய ஏடுகளில பிழை திருத்தினார். பிறகு சும்மா இருக்கேலாமல், மந்திரி ஒருவன் வரியில செய்த கள்ள வேலையைக் கண்டுபிடிச்சு ராசாவுக்கு விண்ணப்பம் எழுதினார். மந்திரி விடுவானோ? தெற்கில கடலுக்குக் கிட்ட ஒரு சின்ன மாவட்டத்துக்கு அதிபதி எண்டு தூக்கிப் போட்டுட்டான்.

"பனிஷ்மென்ற் ட்ரான்ஸ்பர்!" எண்டு கனகலிங்கம் துள்ளினார். "எனக்கும் மூண்டு வந்தது மிஸ்ரர் மின், மூண்டு!" அப்பிடிச் சந்தோஷமாய் அவரை நான் அதுக்கு முந்திக் கண்டதில்லை.

அந்த ஊரில சுக்-வோன் வயல் அளந்தார். ஆருக்கு எவ்வளவு காணி, எந்த வாய்க்கால் எங்க போகுது, எந்த மதகைத் திறந்தால் எந்த வெளி நிறையும் எண்டு ஏழு கொப்பி எழுதினார். ஊர்ச் சனம் சிரிச்சுது. அதிபதி எண்டால் குதிரையில திரிவான், இந்தாள் சேத்துக்குள்ள தடியோட நிக்கிறான்.

ஏழாவது கொப்பி முடிஞ்ச வருஷம் யப்பான்காரன் வந்து இறங்கினான். ஆயிரத்தைஞ்ஞூற்றித் தொண்ணூற்றிரண்டு. துவக்கோட வந்தான். கொரியாக்காரன் அதுக்கு முந்தி அப்பிடித் துவக்கு வெடிச்ச சத்தம் கேட்டதில்லையாம். கரையோரக் கோட்டையள் ரெண்டு ஒரே கிழமையில போச்சு. மாவட்டத்துச் சேனாதிபதிதான் முதல் ஓடினான். சுக்-வோனுக்கு வில்லு எந்தப் பக்கம் பிடிக்கிறதெண்டும் தெரியாது. அவரும் ஓடினார். அரச முத்திரையைச் சட்டைக் கைக்குள்ள ஒளிச்சுக்கொண்டு, பெண்டில் பிள்ளையளோட மலைக்கு ஏறினார். வாசல் காவல்காரன், "ஐயா எங்க போறியள்?" எண்டு கேட்டான். "எதிரி வந்தால் மூட்டிக் காட்டுற மலைத் தீக்கூண்டைப் பரிசோதிக்கப் போறன்" எண்டு சொல்லிட்டுப் போட்டார்.

மூண்டு நாள் மலையில ஒரு குகைக்குள்ள இருந்தார். கீழ ஊர் எரியிற புகை தெரிஞ்சுது. நாலாம் நாள் இறங்கி வந்தார். வந்தால் அந்தக் காவல்காரன் வாசலிலயே செத்துக் கிடந்தான்.

அதுக்குப் பிறகுதான் சண்டை. வயல்காரர், அடிமையள், புத்த பிக்குமார் எண்டு முந்நூறு பேரைச் சேர்த்தார். ஏழு கொப்பியையும் விரிச்சு வைச்சார். எதிரியின்ர சாமான் வண்டில்கள் அந்தப் பள்ளத்தாக்கால போற நாளில மதகுகளைத் திறந்துவிட்டார். ஒரு பகலுக்குள்ள முழு வெளியும் சேறு. குதிரை வயிறு மட்டும் தாழுது. துவக்குக்காரர் ஒடுங்கின வரம்புகளில ஒருத்தனுக்குப் பின்னால ஒருத்தனாய்த்தான் வரலாம். வரம்பு முடியிற இடத்தில மூங்கில் ஈட்டியோட வயல்காரர் நிண்டாங்கள். ஏழு மாசம் அந்த வழியால ஒரு மூட்டை அரிசி போகேல்லை. அடுத்த வருஷம் இன்னொரு கோட்டையைக் காக்கப் போன இடத்தில செத்துப்போனார். நாற்பத்தொரு வயது.

"மனிசன்!" எண்டு நான் சொன்னன். கனகலிங்கம் பேனையை மூடினார். அந்தச் செவ்வாய்க்கிழமை கெதியாய் எழும்பி வீட்டை போனார்.

சித்திரைக்குள்ள எழுதி முடிச்சார். நான் எழுத்துக் கோர்த்துப் புரூவ் எடுத்து வைச்சன். மின் வந்து கவுண்டரில நிண்டபடியே வாசிச்சார். மெதுவாய் வாசிக்கிற மனிசன், விரலை வைச்சு வைச்சு வாசிச்சார். ஒன்பதாம் பக்கத்தில விரல் நிண்டுது. முகம் கறுத்துப்போச்சு.

"இந்தாள் ஆர்?" எண்டு கேட்டார்.

கனகலிங்கம் பக்கத்தில நிண்டவர். "உங்கட மூதாதை" எண்டார்.

"இது அவர் இல்லை."

எட்டிப் பாத்தன். எங்கட ஆள் என்ன எழுதியிருந்தார் தெரியுமோ? "பகைவர் வருகையை அறிந்த அதிபதி, மலைப் பகுதியின் பாதுகாப்பு நிலைகளைச் சிலநாள் பரிசோதித்த பின் ஊர் திரும்பிப் படை திரட்டினார்." இங்கிலிசில இன்னும் அழகாய் இருந்தது. பழக்கதோஷம்! நூறு கல்வெட்டு எழுதின கை, கொரியாக்காரனுக்கும் கல்வெட்டு எழுதிப்போட்டுது.

"மிஸ்ரர் மின்," எண்டு கனகலிங்கம் தொடங்கினார். "எங்கட வழக்கத்தில செத்தவையின்ர குறையை எழுதுறதில்லை. இது அவருக்கு நாங்கள் குடுக்கிற மரியாதை."

"காவல்காரனுக்கு அவர் சொன்ன பொய்யை நீங்கள் உண்மை எண்டு அச்சடிச்சிருக்கிறியள்," எண்டார் மின். சத்தம் போடேல்லை. போட்டிருந்தால் நல்லாய் இருந்திருக்கும். "அந்தப் பொய்யை நம்பித்தான் அவன் வாசலில நிண்டவன். அதிபதி திரும்பி வருவார் எண்டு நிண்டவன். சுக்-வோன் சாகிறதுக்கு முதல் மகனுக்கு எழுதின கடிதத்தில சண்டையைப் பற்றி ஒரு சொல்லில்லை. மலையில இருந்த மூண்டு நாளைத்தான் எழுதினார். தன்ர திவசத்தில சோறு வைக்க முதல் இதைச் சத்தமாய் வாசிக்க வேணும், மூத்த மகன் வாசிக்க வேணும் எண்டு எழுதினார். நானூறு வருஷமாய் எங்கட வீட்டில வாசிக்கிறம். நான் என்ர தகப்பனுக்குப் பக்கத்தில நிண்டு கேட்டனான். என்ர மகனுக்கு விளங்கிற மொழியில இந்த மூண்டு நாள் வேணும். மிச்சமெல்லாம் இல்லாட்டிலும் பரவாயில்லை."

கனகலிங்கம் காதுவரைக்கும் சிவந்துபோனார். "அவர் ஏன் இறங்கி வந்தவர்? அதை எழுதினவரோ?" எண்டு கேட்டார்.

"எழுதினார். வீரம் வந்து இறங்கேல்லையாம். காவல்காரன் இன்னும் நிக்கிறானோ எண்ட நினைப்பு நித்திரை கொள்ள விடேல்லையாம்."

அதுக்குப் பிறகு ஒரு மாசம் கனகலிங்கத்தைக் காணேல்லை. போன் எடுத்தால் காய்ச்சல் எண்டு பாலாம்பிகை சொல்லுவா. கார்ப் பார்க்கில நிண்டவரெண்டு ஆக்கள் சொல்லிச்சினம். எனக்கு விசர்க் கோவம் வந்தது. அச்சுப் பிளேற் வெட்டி வைச்சது வீண், மெஷின் காத்துக்கொண்டு நிக்குது, மின் கிழமைக்கொருக்கால் வந்து தொப்பியைக் கழட்டி மடியில வைச்சுக்கொண்டு கதிரையில இருந்திட்டுப் போறார். ஆனி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை இவர் வந்தார். வணக்கமும் இல்லை ஒண்டுமில்லை, நேரே பின்னறைக்குப் போய் மூண்டு மணித்தியாலம் எழுதினார். அந்த மூண்டு நாள், மூண்டு பக்கம். நான் கோர்க்கேக்க வாசிச்சன். குகைக்குள்ள பிள்ளை இருமினால் வாயைப் பொத்தின தகப்பன், சட்டைக் கைக்குள்ள முத்திரை கையில குத்திக்கொண்டே இருந்தது, எல்லாம் இருந்தது. ஒரு அலங்காரச் சொல் இல்லை. மின் வாசிச்சிட்டு எழும்பி, எங்கட ஆளுக்கு முன்னால இடுப்பு வளையக் குனிஞ்சார். கனகலிங்கம் எங்க பாக்கிறதெண்டு தெரியாமல் சுவரைப் பாத்தார்.

புத்தகம் ஆவணியில மின்னின்ர கைக்குப் போச்சுது. ஐப்பசியில அக்கா அச்சகத்துக்கு வந்தா, கையில அத்தான்ர படம்.

"தம்பி, என்ர பெட்டைக்குக் கலியாணம் சரிவந்திருக்கு. தகப்பனுக்கு ஒரு பூசையும் குடுக்காமல் அவளைக் கட்டிக் குடுக்கிறது வடிவில்லை எண்டு பங்குச் சுவாமியார் சொல்லுறார். கார்த்திகை ஆத்துமாக்களின்ர மாசம்தானே, அதில குடுப்பம். ஒரு சின்ன நினைவு மலரும் அடி. வரலாற்றை ஐயாவே எழுதட்டும், அவருக்குத்தான் இந்த மனிசனை வேலையில தெரியும்." கொஞ்சம் நிண்டு, "கடமை வீரன், அது இதெண்டு எழுதச் சொல்லாதை. எனக்கு வயிறு எரியும்" எண்டா.

கனகலிங்கம் அப்ப கதவடியில நிண்டவர். எல்லாம் கேட்டவர். "எழுதுறன், மிஸிஸ் அருட்பிரகாசம்," எண்டார்.

ரெண்டு கிழமைக்குப் பிறகு ஒரு என்வலப்பைக் கொண்டுவந்து தந்திட்டு, போகாமல், பையை மடியில வைச்சுக்கொண்டு வாசல் கதிரையில இருந்தார். நான் கொம்பியூட்டருக்கு முன்னால இருந்து கோர்க்கத் தொடங்கினன். பிறந்த திகதி, பள்ளிக்கூடம், கலியாணம். ரெண்டாம் தாளில இது இருந்தது:

"ராணுவம் புறப்பட்டுவிட்டது என்ற தகவல் அன்று காலை எனக்கு வந்தது. கச்சேரியில் கூட்டம் எதுவும் இருக்கவில்லை. நான் பயந்துவிட்டேன். பொறுப்பானவர் ஒருவர் இல்லாமல் கந்தோரை விட்டுப் போகக் கூடாது என்பது விதி. ஓடுகிற நேரத்திலும் எனக்கு அந்த விதி பெரிதாக இருந்தது. கூட்டத்துக்குப் போகிறேன், நான் திரும்பும்வரை அருட்பிரகாசம் பதில் கடமை பார்ப்பார் என்று ஒரு தாளில் எழுதி, கையொப்பமிட்டு, கந்தோர்ப் பூட்டுகளின் திறப்புகளையும் அவர் கையில் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினேன். திரும்பி வரும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. அவர் என் கையெழுத்தை நம்பி இருந்தார். அதனால்தான் வீட்டுக்குப் போகவில்லை."

ரெண்டு தரம் வாசிச்சன். பதில் கடமை! அத்தானை எனக்குத் தெரியும். மேல்சோதினை மூண்டு முறை எழுதிப் பெயில் விட்ட மனிசன். அந்தத் தாளை மடிச்சுச் சட்டைப் பொக்கற்றில வைச்சுக்கொண்டு, ஏ.ஜி.ஏ.க்குப் பதிலாய் நிமிர்ந்து இருந்திருப்பார். சாகச் சொன்னாலும் எழும்பியிருக்க மாட்டார்.

எழும்பி வாசலுக்கு வந்தன். இவ்வளவு வருஷமாய் "ஐயா", "நீங்கள்" எண்டு கூப்பிட்ட வாயில அது வரேல்லை.

"என்ர அக்காவின்ர கையால சோறு வாங்கித் திண்டனீர்," எண்டன். "ஒவ்வொரு மாசியும் திண்டனீர். அவ கேக்கக் கேக்க, கூட்டம் எண்டு சொல்லிக்கொண்டு திண்டனீர்."

"ஓம்," எண்டார்.

"வாயால சொல்ல ஏலாதோ? அச்சில போட்டு ஊருக்குக் குடுத்துத்தான் அவவுக்குத் தெரியவேணுமோ?"

"சொல்லவெண்டுதான் ஒவ்வொரு வருஷமும் வந்தனான், பெனடிக்ற். சாப்பிட்டிட்டு எழும்பிப் போனனான்."

எனக்குள்ள ஒரு பேய் யோசினை வந்தது, மறைக்காமல் சொல்லுறன். அந்தப் பந்தியை எடுத்திட்டால் என்ன? அக்கா பாவம், இனி எதுக்கு? கனகலிங்கத்திட்டை நான் பகிடி பண்ணின அந்த வேலையைச் செய்ய எனக்கு ரெண்டு நிமிஷம் போதும். தாளைத் திரும்ப அவற்ர கையில குடுத்தன். பிறகு கடையைப் பூட்டிப்போட்டு, "வாரும். நீரே கொண்டுபோய்க் குடும்" எண்டு அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தன். அக்கா வீடு நாலு றோட்டுத்தான்.

அக்கா அப்பதான் பள்ளிக்கூடத்தால வந்தவ, வேலைச் சட்டை கூட மாத்தேல்லை. கனகலிங்கம் குசினி வாசலில நிண்டு தாளை நீட்டினார். அக்கா கையைத் துடைச்சிட்டு வாங்கி, யன்னல் வெளிச்சத்தில பிடிச்சு வாசிச்சா. முடிச்சு, திரும்ப முதல் வரியில இருந்து வாசிச்சா. கத்துவா எண்டு பாத்தன். கத்தேல்லை.

"கடைசியாய் உங்களோட ஏதும் கதைச்சவரோ?" எண்டு கேட்டா.

"கதைச்சவர். நான் ஜீப்பில ஏறேக்க ஓடி வந்தவர். 'சேர், மனுசி பிள்ளையள் பயந்துகொண்டிருக்குங்கள், ஒருக்கால் வீட்டை போய்ப் பாத்திட்டு வரட்டோ?' எண்டு கேட்டவர்."

"நீங்கள்?"

"நான் வந்தாப்பிறகு போம் எண்டனான்."

அக்கா மெதுவாய்க் கதிரையில இருந்தா. "கேட்டவரோ?" எண்டா. "வீட்டை போகட்டோ எண்டு கேட்டவரோ?"

"ஓம், மிஸிஸ் அருட்பிரகாசம். ரெண்டு தரம் கேட்டவர்."

அப்பதான் அக்கா அழுதா. பத்து வருஷமும் அழாத பொம்பிளை, சட்டை நுனியை வாய்க்குள்ள அடைச்சுக்கொண்டு அழுதா. "அந்த மனிசனை நான் எவ்வளவு பேச்சுப் பேசினனான் தம்பி. பிள்ளையளுக்கு முன்னால பேசினனான். கர்த்தரே, எவ்வளவு பேசினனான்." தோளில கை வைச்சுக்கொண்டு நிண்டன். கனகலிங்கமும் நிண்டார். ஆரும் அவரைக் கதிரையில இருக்கச் சொல்லேல்லை.

கனநேரத்துக்குப் பிறகு அக்கா முகத்தைத் துடைச்சிட்டு அந்தத் தாளை மேசையில வைச்சு நீவினா.

"ஐயா, நான் உங்களை மன்னிக்கிறன் எண்டு இண்டைக்குச் சொல்லமாட்டன். எண்டைக்காவது சொல்லுவனோ தெரியாது," எண்டா. "ஆனால் நீங்கள் முக்கியமானதை எழுதேல்லை. அவர் வீட்டை வரக் கேட்டவரெண்டதை எழுதேல்லை. ரெண்டு தரம் கேட்டவரெண்டதை எழுதேல்லை. இந்தக் கதிரையில இருந்து எழுதுங்கோ. என்ர பிள்ளையள் அதை வாசிக்க வேணும்."

பேனையை அவரிட்டை நீட்டினா. அவர் இருந்து எழுதினார். முடியுமட்டும் அக்கா பக்கத்தில நிண்டு, ஒவ்வொரு சொல்லாய்ப் பாத்துக்கொண்டு நிண்டா.